சான்றிதழுக்குப் பிந்தைய ஆண்டுகள்: புதுக்கோட்டையின் நெடுந்தொலைவு ஓட்டமும் மாரத்தானும்

1. கேள்வி

2017 ஜூலையில் புவனேஸ்வரத்தில் ஆசியத் தடகளப் போட்டி நடந்தது. ஆண்களுக்கான 10,000 மீட்டர் ஓட்டத்தில் முதல் இரண்டு இடங்களும் இந்தியாவுக்கே கிடைத்தன. தங்கம் வென்றவர் புதுக்கோட்டையைச் சேர்ந்த கோ. லட்சுமணன். அவருக்கு மூன்று நொடி பின்னால் வந்தவர் வயநாட்டுக்காரரான தோனக்கல் கோபி. லட்சுமணன் அதே போட்டியில் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார். நான்கு மாதம் கழித்து, நவம்பர் இறுதியில், சீனாவின் டோங்குவானில் நடந்த ஆசிய மாரத்தான் போட்டியில் கோபி தங்கம் வென்றார். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு டெல்லி அரை மாரத்தானில் இந்தியப் பெண்கள் பிரிவில் லோ. சூர்யா முதலிடம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 1 மணி 10 நிமிடம் 31 நொடி. அவரும் புதுக்கோட்டைக்காரர்.

இந்த மூன்று முடிவுகளையும் அருகருகே வைத்தால் ஒரு கேள்வி எழுகிறது. புதுக்கோட்டை மாவட்டம் ஓட்டக்காரர்களைத் தந்துகொண்டே இருக்கிறது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் இரண்டாவதாக வந்த சாந்தி சவுந்திரராஜன் கத்தக்குறிச்சியில் பிறந்தவர். லட்சுமணனும் சூர்யாவும் கவிநாடு இளைஞர் விளையாட்டுக் கழகத்தில் எஸ். லோகநாதன் என்ற பயிற்சியாளரிடம் உருவானவர்கள். ஆனால் மாவட்டத்தின் புகழ் 800 மீட்டரில் தொடங்கி 21 கிலோமீட்டரோடு நின்றுவிடுகிறது. 42.195 கிலோமீட்டர் ஓடும் முழு மாரத்தானில் இந்த ஊரின் பெயர் நிலைபெறவில்லை. 10,000 மீட்டரில் லட்சுமணனுக்குப் பின்னால் வந்தவருக்கு ஆசிய மாரத்தான் தங்கம் எட்டியபோது, முன்னால் வந்தவரின் ஊருக்கு அது ஏன் எட்டவில்லை?

ஒரு எச்சரிக்கை. நம் ஊர்களில் 5 கிலோமீட்டர் விழிப்புணர்வு ஓட்டமும் ‘மாரத்தான்’ என்றே சுவரொட்டியில் வரும். நாளிதழ்களில் ‘மாரத்தானில் முதலிடம்’ என்று வருவதைக் கொண்டு இக்கேள்விக்கு விடை தேட முடியாது. இங்கே பேசப்படுவது அளந்து சான்றளிக்கப்பட்ட பாதையில் ஓடும் ஓட்டம் மட்டுமே.

2. மண்ணும் வறுமையும்

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. வறண்ட பூமி, செம்மண், முந்திரிக் காடு, தைலமரத் தோப்பு, கண்மாயில் தண்ணீர் நின்றால் வெள்ளாமை, இல்லாவிட்டால் சூளை வேலையும் வெளியூர்ப் பிழைப்பும். இப்படிப்பட்ட நிலத்தில் பிறந்த பிள்ளைகளின் காலுக்கு இயல்பாகவே உரம் ஏறிவிடும் என்பது அதன் சாரம். சாந்தியின் பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள் என்பதால் இந்தக் கதைக்கு உருக்கமும் சேர்ந்துகொள்கிறது.

இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வறுமை ஓட்டக்காரரை உருவாக்கும் என்றால் இராமநாதபுரமும் தருமபுரியும் பதக்கங்களைக் குவித்திருக்க வேண்டும். கென்யாவின் இட்டன் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆக்சிஜன் குறைந்த அந்தக் காற்றில் வளரும் உடலில் சிவப்பணுக்கள் கூடுகின்றன. புதுக்கோட்டையின் உயரம் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. வெயிலோ நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு நேர்ப் பகை. உலகின் வேகமான மாரத்தான் நேரங்கள் 10 டிகிரியை ஒட்டிய குளிரில் ஓடப்பட்டவை. ஏப்ரல், மே மாதங்களில் புதுக்கோட்டையில் காலை ஏழு மணிக்கே தார்ச்சாலை சூடேறத் தொடங்கிவிடும். நிலம் இவர்களுக்கு உதவவில்லை; நிலத்தை மீறித்தான் இவர்கள் ஓடினார்கள்.

இன்னொரு விளக்கம் இதைவிட நுட்பமானது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்தில் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களிடம் கொண்டுசேர்த்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம் அது. கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆயிரக்கணக்கில் பொதுச்சாலையில் சைக்கிள் மிதித்தார்கள். பி. சாய்நாத் அதை எழுதியதால் வெளியுலகுக்கும் தெரிந்தது. பெண்ணொருத்தி சாலையில் தனியாக வேகமாகப் போவது கண்ணுக்குப் பழகிய மாவட்டத்தில், அடுத்த தலைமுறைப் பெண் அரைக்கால் சட்டையோடு ஓடுவதற்கு எதிர்ப்பு குறைந்திருக்கலாம். கவர்ச்சியான வாதம்தான். ஆனால் சைக்கிள் இயக்கத்தில் இருந்த பெண்ணின் மகளே ஓடினாள் என்று காட்டும் நேரடிக் கண்ணி எதுவும் இல்லாதவரை இதைச் சூழல் என்று கொள்ளலாம். காரணம் என்று கொள்ள முடியாது. அப்படியே கொண்டாலும் பெண்கள் ஓட வந்ததைத்தான் அது விளக்கும். 42 கிலோமீட்டருக்குப் போகாததை விளக்காது.

3. அமெரிக்காவை வைத்துப் பார்த்தால்

மாரத்தான் என்றவுடன் அமெரிக்காவைக் காட்டுவது வழக்கம். பாஸ்டனில் 1897 முதல் ஓடுகிறார்கள். நியூயார்க்கில் 1970இலும் சிகாகோவில் 1977இலும் தொடங்கியது. அங்கே லட்சக்கணக்கானோர் ஓடுகிறார்கள், அதனால் வீரர்கள் வருகிறார்கள். இங்கே ஓடும் பண்பாடு இல்லை, அதனால் வருவதில்லை என்பார்கள். அமெரிக்க வரலாற்றை உற்றுப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஃபிராங்க் ஷார்ட்டர் தங்கம் வென்ற பிறகு அங்கே சாலை ஓட்டம் பெரும் அலையாக எழுந்தது. அப்போது பரிசுப் பணம் வெளிப்படையாக வாங்கினால் அமெச்சூர் தகுதி போய்விடும். 1981இல் போர்ட்லாண்டில் ஓட்டக்காரர்கள் விதியை மீறி மேசைக்கு மேலேயே பணம் வாங்கினார்கள். அதன்பின் விதி தளர்ந்தது. பாஸ்டன் 1986இல்தான் பரிசுப் பணம் தரத் தொடங்கியது. பெண்களின் கதை இன்னும் கடினமானது. 1967இல் பாஸ்டனில் கேத்ரின் ஸ்விட்சரின் எண்ணைக் கிழித்தெறிய அமைப்பாளர் ஒருவரே சாலையில் பாய்ந்தார். பெண்கள் முறைப்படி அங்கே அனுமதிக்கப்பட்டது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் 1984இல்தான் வந்தது. ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் வென்றார்.

இத்தனைக்கும் பிறகு 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு அமெரிக்கா அனுப்ப முடிந்தது ஒரே ஒரு ஆணையும் ஒரே ஒரு பெண்ணையும். ஆண் ராட் டிஹேவன். பெண் கிறிஸ்டின் கிளார்க். அலாஸ்காவில் மருத்துவர், பனிக்காலத்தில் வீட்டுக்குள் டிரெட்மில்லில் பயிற்சி செய்தவர். பொழுதுபோக்காக மாரத்தான் ஓடுவோர் எண்ணிக்கை அப்போது ஏறுமுகத்தில்தான் இருந்தது. பணம் இருந்தது, காலணி நிறுவனங்கள் இருந்தன, சாலைகள் நிரம்பியிருந்தன. உச்சத்தில் ஓட ஆளில்லை.

நான்கே ஆண்டில் ஏதென்ஸில் மெப் கெஃப்லெஸிகி வெள்ளியும் டீனா காஸ்டர் வெண்கலமும் வென்றார்கள். இடையில் நடந்தது எளிய விஷயம். கல்லூரியை முடித்த நல்ல 10,000 மீட்டர் ஓட்டக்காரர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்தார்கள். கலிபோர்னியாவின் மாமத் லேக்ஸ் மலையூரில் ஜோ விகில், பாப் லார்சன் ஆகிய இரு மூத்த பயிற்சியாளர்களின் கீழ் ஒரு குழு. மிச்சிகனில் ஹான்சன் சகோதரர்களின் இன்னொரு குழு. தங்க இடம், சாப்பாடு, ஒருவரோடு ஒருவர் ஓட ஆள், வயிற்றுப்பாட்டுக் கவலையில்லாத சில ஆண்டுகள். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளிலும் ஆக நீண்ட ஓட்டம் 10,000 மீட்டர்தான். அங்கும் இருபத்திரண்டு வயதில் யாரும் மாரத்தான் வீரராக வெளியே வருவதில்லை. வேறுபாடு அதற்குப் பின் வரும் ஆண்டுகளில் இருக்கிறது.

இந்தியாவின் கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. மும்பை மாரத்தான் 2004இல் வந்தது. பல்லாயிரம் பேர் ஓடுகிறார்கள். ஆனால் ராணுவ வீரர் ஷிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் ஓடிய 2 மணி 12 நிமிடம் நாற்பதாண்டுகளுக்கு மேல் தேசியச் சாதனையாக நின்றது. கூட்டம் சேர்ந்தால் சாதனை வரும் என்பதற்கு இரு நாடுகளிலும் சான்றில்லை.

இப்படிப் பார்க்கும்போது புதுக்கோட்டைக்கு மாமத் லேக்ஸிடம் இருந்தவற்றில் மிக அரிதான ஒன்று ஏற்கெனவே இருந்திருக்கிறது: ஒரு பயிற்சியாளரும் அவரைச் சுற்றி ஒரு சிறு குழுவும். கவிநாடு அந்தக் குழு.

4. கால்களில் குறை இருந்ததா?

சூர்யாவின் டெல்லி நேரத்தைக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். 21.0975 கிலோமீட்டரை 1:10:31இல் கடந்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 நிமிடம் 20 நொடி. 2015 பெய்ஜிங் உலகப் போட்டியில் ஓ.பி. ஜெய்ஷா படைத்த பெண்கள் மாரத்தான் தேசியச் சாதனை 2:34:43. அது கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 40 நொடி. அரை மாரத்தான் நேரத்தை 2.1ஆல் பெருக்கினால் முழு மாரத்தானுக்குத் தோராயமான மதிப்பீடு கிடைக்கும் என்பது பயிற்சியாளர்களிடையே புழங்கும் கணக்கு. சூர்யாவுக்கு அது 2 மணி 28 நிமிடம் என்று வருகிறது. டெல்லிப் பாதை சமதளமானது, நவம்பர் காலை குளிரானது. அதற்காக இன்னும் மூன்று நான்கு நிமிடம் கூட்டிக்கொண்டாலும் தேசியச் சாதனைக்குள்தான் நிற்கும்.

இது காகிதக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. உடலில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் சுமார் 30, 35 கிலோமீட்டரில் தீரத் தொடங்கும். அரை மாரத்தான் ஓடுபவர் அந்த இடத்துக்கு முன்பே முடித்துவிடுகிறார். ஆகவே 10,000 மீட்டர் பயிற்சியை நீட்டினால் 21 கிலோமீட்டரை எட்டலாம். 42க்கு உடலை வேறு விதமாகப் பழக்க வேண்டும். வாரத்துக்கு 160 முதல் 200 கிலோமீட்டர் ஓட்டம், ஓடிக்கொண்டே குடிக்கவும் செரிக்கவும் வயிற்றைப் பழக்குவது, ஒரு போட்டிக்குப் பின் பல வார ஓய்வு. இந்தப் பழக்கம் கைவர ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜெய்ஷா 2:47:19இல் முடித்துக் கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். பாதையோரத் தண்ணீர் ஏற்பாடு குறித்து அவருக்கும் தடகளச் சம்மேளனத்துக்கும் எழுந்த தகராறு எப்படி இருந்தாலும், வெயிலில் 42 கிலோமீட்டர் என்பது காலின் பலத்தை மட்டும் சோதிப்பதல்ல என்று அந்த நாள் காட்டியது.

இருந்தாலும் கணக்கின் திசை தெளிவு. 2016 தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்று, மறு ஆண்டு அரை மாரத்தானில் இந்த வேகத்தைக் காட்டியவரிடம் மாரத்தானுக்கான மூலப்பொருள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

5. சான்றிதழின் கணக்கு

புதுக்கோட்டைப் பிள்ளை ஒருவர் ஏன் ஓட வருகிறார்? பதக்க ஆசை பிறகு வரும். முதலில் வேலை. மாவட்டப் போட்டிச் சான்றிதழ் கல்லூரி இடம் வாங்கித் தரும்; மாநில, பல்கலைக்கழகச் சான்றிதழ் ரயில்வேயிலோ காவல்துறையிலோ ராணுவத்திலோ இடம் வாங்கித் தரும். தமிழக அரசுப் பணியில் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. இந்தச் சந்தையில் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்கள் நல்ல சரக்கு. ஒரே ஆண்டில் ஐந்தாறு போட்டிகளில் ஓடலாம். ஒன்றில் தோற்றாலும் இன்னொன்றில் சான்றிதழ் கிடைக்கும். மாரத்தானோ ஆண்டுக்கு இரண்டு முறைதான் ஒழுங்காக ஓட முடியும். ஒரு காய்ச்சல் வந்தால் ஆறு மாத உழைப்பு போச்சு. மேலும் அதன் உச்சம் பெரும்பாலும் இருபதுகளின் பிற்பகுதியிலும் முப்பதுகளிலும் வருகிறது. வேலை விண்ணப்பம் அதுவரை காத்திருக்காது.

வேலை கிடைத்ததும் ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள் என்று விளையாட்டு அதிகாரிகள் சலித்துக்கொள்வதுண்டு. அந்தச் சலிப்பை நான் பகிர்ந்துகொள்ளவில்லை. சூளையிலும் கூலி வேலையிலும் வளர்ந்த வீட்டுக்கு மாதச் சம்பளம் வருவதே வெற்றிக் கோடு. அதற்கு அப்பால் இன்னும் 20 கிலோமீட்டர் ஓடச் சொல்பவர் அதற்கான செலவை யார் தருவது என்றும் சொல்ல வேண்டும்.

கோபிக்கு அந்தச் செலவை ராணுவம் தந்தது. 2016 மும்பை மாரத்தானில் அவர் முதலில் வேகம் பிடித்துக் கொடுக்கும் பேசர்தான். பேசர்கள் பாதி வழியில் விலகிவிடுவது வழக்கம். அவர் கடைசிவரை ஓடி ரியோ தகுதி பெற்றார். ரியோவில் 2:15:25, இருபத்தைந்தாம் இடம். அவர் மாரத்தானுக்கு வந்தது தற்செயல். அந்தத் தற்செயலைத் தாங்கிப் பிடித்தது நிறுவனம். லட்சுமணனும் ராணுவத்துக்காரர்தான். ஆனால் 5,000, 10,000 மீட்டரில் ஆசியாவின் முதல்வராக இருந்தவரை அந்த உச்சத்தில் சாலைக்கு மாற்ற எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், உள்கோட்டுக்குள் கால் பட்டதற்காக வெண்கலத்தை இழந்தார். டிராக்கின் விதி அவ்வளவு கறார். ஆக லட்சுமணன் விஷயத்தில் விடை ஓரளவு எளிது: அவர் டிராக்கில் மிகச் சிறந்தவராக இருந்தார். சூர்யா விஷயத்தில் அந்த விடை போதாது. ராணுவத்தின் நெடுந்தொலைவுப் படைப்பிரிவுகள், அவற்றின் முகாம்கள், ஓய்வு நாள்கள், உடன் ஓடும் கூட்டம் எல்லாம் நெடுங்காலம் ஆண்களுக்கானவை. பெண்களுக்கு ரயில்வேயும் காவல்துறையும் வேலை தந்தன. முகாம் வாழ்க்கை தரவில்லை.

6. சாந்தியும் பெண்களின் தொலைவும்

பெண்கள் பற்றிப் பேசும்போது கத்தக்குறிச்சியைத் தாண்டிப் போக முடியாது. சாந்தி 2005இல் பெங்களூருவில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் தேசியச் சாதனை படைத்தவர். அதே ஆண்டு இஞ்சியோன் ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹாவில் 2:03.16இல் ஓடி மீண்டும் வெள்ளி. அதன்பின் நடத்தப்பட்ட பாலினச் சோதனையின் பேரில் பதக்கம் பறிக்கப்பட்டது. சோதனை எதற்கென்று அவருக்கு விளக்கப்படவில்லை. முடிவைத் தொலைக்காட்சிச் செய்தி வழியாகத்தான் அறிந்தார். தமிழக அரசு அறிவித்திருந்த 15 லட்ச ரூபாயை அப்போதைய முதல்வர் கருணாநிதி திரும்பப் பெறாமல் அவருக்கே வழங்கினார்.

அந்தப் பணத்தைக் கொண்டு அவர் செய்ததுதான் இக்கட்டுரைக்கு முக்கியம். புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி தொடங்கினார். 2009 வாக்கில் 68 பேர் அங்கே பயின்றார்கள். சென்னை மாரத்தானில் முதல், மூன்றாம் இடங்களை அவருடைய மாணவர்கள் பெற்றார்கள். 800 மீட்டர் ஓடியவர் தன் மாணவர்களைச் சாலை ஓட்டத்துக்கு அனுப்பினார் என்பது கவனத்துக்குரியது. சாலை ஓட்டத்தில் நுழைய ஒரு சீட்டு போதும், வென்றால் ரொக்கம். சம்மேளனத்தின் தேர்வுப் பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1981இல் போராடிப் பெற்ற அந்தக் கதவை அவர் இங்கே கண்டுகொண்டார் என்றே தோன்றுகிறது. ஆனால் 15 லட்சம் கரையும். 68 பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் தினமும் வேண்டும். பயிற்சி மையம் நின்றது. 2012இல் அவர் மீண்டும் செங்கல் சூளையில் நின்ற செய்தி வந்த பிறகே நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. பின்னர் பெங்களூருவில் பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார்.

இந்த வழக்கைத் தனிமனிதச் சோகமாக மட்டும் படிப்பது போதாது. பெண்ணின் தொலைவைப் பிறர் தீர்மானித்த நீண்ட வரலாற்றில் இது ஒரு கண்ணி. 1928 ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் 800 மீட்டர் ஓடி முடித்துக் களைத்துக் கிடந்ததைக் காட்டி, அந்த ஓட்டத்தையே 1960வரை ஒலிம்பிக்கிலிருந்து நீக்கி வைத்தார்கள். ஆண்களும்தான் களைத்து விழுந்தார்கள். யாரும் எதையும் நீக்கவில்லை. உலகத் தடகள அமைப்பு 2019இல் நடைமுறைப்படுத்திய ஹார்மோன் விதி 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும் பொருந்தியது. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா அதனால்தான் 5,000 மீட்டருக்குப் போனார். நீண்ட தொலைவு அப்போது ஒரு புகலிடம். 2023 மார்ச்சில் விதி எல்லா ஓட்டங்களுக்கும் விரிந்தது; அந்தப் புகலிடமும் அடைபட்டது.

கிராமத்துப் பெற்றோருக்கு இந்த விதிகளின் உட்பிரிவு தெரியாது. சாந்திக்கு நடந்தது தெரியும். மகளை உயரத்துக்கு அனுப்பினால் அவள் உடலை ஊரே பேசும் என்ற அச்சம் இம்மாவட்டத்தில் கற்பனையிலிருந்து வந்ததல்ல.

7. உதகைக்கு ஒரு நாள் பயணம்

மாமத் லேக்ஸின் உயரம் ஏறத்தாழ 2,400 மீட்டர். உதகமண்டலத்தின் உயரம் 2,240 மீட்டர். இந்திய நெடுந்தொலைவு அணியின் முகாம்கள் அங்கே நடந்திருக்கின்றன. புதுக்கோட்டையில் இரவு பேருந்து ஏறினால் மறுநாள் அங்கே இருக்கலாம். உயரம் இல்லை என்ற சாக்கு தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. குழு இருக்கிறது, பயிற்சியாளர் இருக்கிறார், மலையும் இருக்கிறது. இவற்றை இணைக்கும் மூன்று நான்கு ஆண்டுச் சம்பளம்தான் இல்லை.

தேவையான தொகை பெரிதல்ல. பத்து ஓட்டக்காரர்களுக்கு, அதில் பாதிப் பேர் பெண்களாக, இருபத்து மூன்று வயதிலிருந்து இருபத்தேழு வரை உணவு, உறைவிடம், காலணி, பிசியோதெரபிஸ்ட். ஒரு நகரத்தில் ஒருநாள் காலை நடக்கும் விளம்பர ஓட்டத்துக்கு அச்சடிக்கும் டி-சர்ட் செலவோடு ஒப்பிடத் தக்க தொகை. வேலையில் இருப்பவர் என்றால் மாற்றுப்பணியாக அனுப்பலாம்; ராணுவம் கோபிக்குச் செய்தது அதுதான். இடஒதுக்கீட்டுக்கான தகுதிப் பட்டியலில் சான்றளிக்கப்பட்ட அரை, முழு மாரத்தான் நேரங்களுக்கும் 10,000 மீட்டருக்கு இணையான மதிப்பெண் தந்தால், பயிற்சியாளர் தன் மாணவியைச் சாலைக்கு அனுப்பத் தயங்கமாட்டார்.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம். பத்துப் பேரில் எட்டுப் பேர் தேறாமல் போவார்கள். போகத்தான் செய்வார்கள், ஹான்சன் குழுவிலும் பலர் ஒலிம்பிக்கைப் பார்க்கவே இல்லை. அந்த எட்டுப் பேர் இருபத்தேழு வயதில் வேலையின்றி ஊர் திரும்பக் கூடாது என்பதுதான் அமெரிக்க மாதிரியில் இல்லாத, இங்கே கட்டாயம் இருக்க வேண்டிய பகுதி. மாணவர்களை மாரத்தானுக்கு அனுப்பியவரே சூளைக்குத் திரும்ப நேர்ந்ததைப் பார்த்த மாவட்டத்தில், வேலை உத்தரவைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஓடச் சொல்ல வேண்டும்.